பாடம் 6: மாரிக்காலத்தில் சிறு படகு – குளத்திலும் களப்பிலும் உயிர் காத்தல்

இந்தப் பாடம் யாருக்கு?

கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் பக்கங்களில் மீளக் குடியமர்ந்து, குளத்திலோ களப்பிலோ குடாவிலோ சிறு படகில் மீன் பிடிக்கும் குடும்பங்களுக்காக இப்பாடம் எழுதப்பட்டுள்ளது. தொழிலுக்குப் போகிறவரோடு சேர்ந்து கரையில் காத்திருக்கும் மனைவி, தாய், வளர்ந்த பிள்ளைகள் எல்லோரும் இதை வாசிக்க வேண்டும். வீட்டில் வாசிக்கத் தெரியாதவர் இருந்தால், ஒருவர் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள்.

இடம்பெயர்ந்த ஆண்டுகளில் பலர் தோணியையும் வலையையும் எஞ்சினையும் இழந்தார்கள். சிலருக்கு அவை உதவியாகவோ கடனாகவோ திரும்பக் கிடைத்துள்ளன. ஆனால் உதவிப் பொதியில் வராத ஒன்று உண்டு. தகப்பனோடு படகில் போய்ப் பழகி, காற்றின் குணத்தையும் நீரின் குணத்தையும் கண்ணால் கற்கும் பழக்கம் அது. முகாமிலும் உறவினர் வீட்டிலும் வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கம் கிடைக்கவில்லை. அந்த இடைவெளியில் ஒரு பகுதியையாவது நிரப்புவதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கடல் அடைத்த காலமும் சிறிய நீரும்

திருகோணமலைக் கரையில் தொழிலுக்கு நல்ல காலம் சித்திரை தொடக்கம் புரட்டாதி வரை. அப்போது காற்று தென்மேற்கிலிருந்து வீசுகிறது. நிலத்தின் மறைவில் கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும். மேற்குக் கரையில் கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் அங்குள்ள தொழிலாளர் இங்கு வந்து வாடி அமைப்பதும் அதனாலேயே.

ஐப்பசிக்குப் பிறகு எல்லாம் மாறிவிடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல் இடிமழை வரும். வங்கக் கடலில் தாழமுக்கங்கள் உருவாகும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வாடைக்காற்று நேரே கரையைத் தாக்கும். புயல்களும் இந்த மாதங்களிலேயே வந்திருக்கின்றன. 2000ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி ஒரு புயல் திருகோணமலைப் பக்கமாகக் கரை கடந்தது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி இரவு ‘புரெவி’ புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறியது.

கடலுக்குப் போக முடியாத இந்த மாதங்களில் பலர் களப்புக்கும், குடாவின் உட்பக்கத்துக்கும், கந்தளாய்க் குளம் போன்ற குளங்களுக்கும் தொழிலைத் திருப்புகிறார்கள். அது இயல்பானது. வீட்டில் உலை வைக்க வேண்டும் அல்லவா? ஆனால் இங்கேதான் ஒரு தவறான எண்ணம் நுழைகிறது. “கடல்தானே ஆபத்து, இது குளம்” என்று நினைக்கிறோம். கடலுக்குப் போகும்போது எடுக்கும் கவனத்தைச் சிறிய நீரில் எடுப்பதில்லை. அங்கியை வீட்டில் விடுகிறோம், கூடுதலாக ஆள் ஏற்றுகிறோம், எங்கே போகிறோம் என்று சொல்லாமல் போகிறோம்.

இந்தப் பாடத்தில் நினைவில் நிறுத்த வேண்டியது ஒன்றுதான்: மாரிக்காலத்தில் சிறிய நீர் என்று ஒன்று இல்லை. கரை கண்ணுக்குத் தெரிகிறது என்பதால் கரைக்குப் போய்ச் சேரலாம் என்று பொருளில்லை.

2. குறிஞ்சாக்கேணி நமக்குச் சொல்வது

2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதி காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு ஒன்று கவிழ்ந்தது. அங்கே பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அதனால் மக்கள் களப்பு நீரைப் படகில் கடந்து போய்வந்தார்கள். பாடசாலை நேரம் அது. படகில் இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். சிறுவர்கள் உட்பட 6 பேர் அன்றே உயிரிழந்தார்கள். அதன் பின்னரும் இறப்பு எண்ணிக்கை கூடியது.

அது ஆழ்கடல் அல்ல. ஒரு கரையில் நின்றால் மறுகரையில் நிற்பவரின் முகம் தெரியும் அளவு தூரம். தினமும் போய்வரும் பாதை. கரையில் ஆட்களும் இருந்தார்கள். இருந்தும் உயிர்கள் போயின.

யார் பொறுப்பு என்று பேச இப்பாடம் இடமல்ல. நம் வீட்டுப் படகுக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய மூன்று விடயங்கள் உள்ளன. முதலாவது, தூரம் குறைவாக இருப்பது பாதுகாப்பு ஆகாது. படகு கவிழ்ந்த முதல் சில நிமிடங்களிலேயே நீந்தத் தெரியாதவர் மூழ்கிவிடுவார். இரண்டாவது, கரையில் ஆள் இருந்தாலும் அவர் நீரில் இறங்கி வந்து சேர நேரம் எடுக்கும். அந்த நேரம் முழுவதும் தலையை நீருக்கு மேலே வைத்திருப்பது உடலில் கட்டிய அங்கி ஒன்றுதான். மூன்றாவது, பிள்ளைகள் ஏறும் படகில் பிள்ளைகளின் அளவுக்கு ஏற்ற அங்கி இருக்க வேண்டும். பெரியவரின் அங்கி சிறுபிள்ளையின் தலைக்கு மேலாகக் கழன்று போய்விடும்.

3. கரையில் எடுக்க வேண்டிய நான்கு முடிவுகள்

நீரில் ஆபத்து வந்தபின் செய்யக்கூடியவை கொஞ்சம். கரையில் நிற்கும்போது செய்யக்கூடியவை நிறைய.

முதல் முடிவு: இன்று போவதா?

வளிமண்டலவியல் திணைக்களம் கடற்பரப்புக்கான அறிவித்தலை நாள்தோறும் வெளியிடுகிறது. வானொலியில் காலையும் மாலையும் கேளுங்கள். குளத்துக்குப் போகிறவரும் கேட்க வேண்டும், ஏனெனில் கடலில் அடிக்கும் அதே காற்று குளத்திலும் அடிக்கும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தை 117 என்ற இலக்கத்தில் எந்த நேரமும் அழைத்துக் கேட்கலாம்.

பிறகு உங்கள் கண்ணால் பாருங்கள். காற்று குளக்கட்டின் பக்கமிருந்து வீசும்போது, கட்டின் மறைவில் நீர் அசையாமல் கிடக்கும். நடுக்குளத்தில் அலை எழும்பியிருக்கும். ஆகவே படகு நிற்கும் இடத்தில் நின்று முடிவெடுக்காதீர்கள். கட்டின் மேல் ஏறி நடுக்குளத்தைப் பாருங்கள். அங்கே அலையின் தலை வெள்ளையாக உடைந்தால், சிறு தோணிக்கு அன்று வேலை இல்லை.

இடிமின்னலுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. படகில் இருந்தால் உடனே கரைக்கு வாருங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை மறுபடி இறங்க வேண்டாம். திறந்த நீர்ப்பரப்பில் உயரமாக நிற்கும் ஒரே பொருள் நீங்கள்தான்.

இரண்டாவது முடிவு: எவ்வளவு சுமை?

ஆட்களும் வலையும் ஏறிய பின் படகின் விளிம்பு நீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். சிறு தோணியில் அது ஒரு சாணுக்குக் குறைந்தால் ஆளையோ சாமானையோ இறக்குங்கள். எஞ்சின் பூட்டிய பைபர் படகுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

போகும்போது உள்ள பாரம் திரும்பும்போது இருக்காது, கூடிவிடும். நனைந்த வலை காய்ந்த வலையைவிடக் கனமானது. அதோடு மீன், அதோடு மழைநீர். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோ. 20 லீற்றர் வாளியால் பத்து வாளி நீர் படகுக்குள் நின்றால் அது 200 கிலோ, அதாவது மூன்று பெரியவர்கள் கூடுதலாக ஏறியது போல. ஆட்களாவது ஓரிடத்தில் இருப்பார்கள். நீரோ படகு சாயும் பக்கத்துக்கெல்லாம் ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். அதனால் இறைக்கும் வாளி ஒன்றைக் கயிற்றால் படகில் கட்டி வைத்து, நீர் சேரச் சேர இறைத்துவிடுங்கள்.

மூன்றாவது முடிவு: அங்கி எங்கே?

உயிர்காப்பு அங்கி உடலில் இருக்க வேண்டும். படகின் முனையில் சுருட்டி வைத்த அங்கியைக் கவிழ்ந்தபின் தேடிப் பிடித்து, அலையில் மிதந்தபடி அணிவது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் மிகக் கடினம். “வேலைக்கு இடைஞ்சல்” என்று பலர் சொல்வார்கள். ஓரிரு வாரம் போட்டுப் பழகினால் கைக்கு ஒத்துவிடும்.

மாதம் ஒருமுறை அங்கியைச் சோதியுங்கள். பட்டிகளும் கொளுக்கிகளும் உறுதியாக உள்ளனவா? துணி வெயிலில் இற்றுப் போய்விட்டதா? உள்ளே இருக்கும் பஞ்சு நசுங்கித் தட்டையாகிவிட்டதா? அங்கியை மெத்தையாகப் போட்டு உட்கார்ந்தால் அது சீக்கிரம் நசுங்கிவிடும். அணிந்து பார்த்து, தோள் பட்டியை இன்னொருவர் மேலே இழுக்கட்டும். அங்கி காது வரை ஏறினால் அளவு பிழை, அல்லது கட்டு தளர்வு.

அங்கி கிடைக்கும்வரை, மூடி இறுக்கிய வெற்றுப் பிளாஸ்ரிக் கான் ஒவ்வொருவருக்கும் ஒன்று படகில் இருக்கட்டும். நீரில் மூழ்கிய உடல் பெரும்பாலும் நீராலேயே தாங்கப்படுகிறது. தலையை மேலே வைத்திருக்கச் சில கிலோ மிதப்பே போதும். 20 லீற்றர் கான் ஏறக்குறைய 20 கிலோவைத் தாங்கும். ஆனால் கை மரத்துப் போனால் கான் நழுவிவிடும். ஆகவே பிடிப்பதற்கு அதில் கயிற்று வளையம் கட்டுங்கள். கான் அங்கிக்கு மாற்று அல்ல, அங்கி வரும்வரைக்கும் ஓர் உதவி மட்டுமே.

நான்காவது முடிவு: வீட்டுக்கு என்ன சொன்னோம்?

மூன்று செய்தி போதும். யாரோடு போகிறேன், எந்தப் பக்கம் வலை போட்டிருக்கிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன். வீட்டிலுள்ளவர் அதைச் சுவரில் மாட்டிய நாட்காட்டியில் எழுதி வைக்கட்டும். சொன்ன நேரம் கடந்து ஒரு மணித்தியாலம் ஆனால், காத்திருக்க வேண்டாம். பக்கத்துப் படகுக்காரருக்கும் மீனவர் சங்கத்துக்கும் சொல்லுங்கள், 119இல் பொலிசுக்கும் அறிவியுங்கள். “வந்துவிடுவார்” என்று விடியும்வரை காத்திருந்தால், தேடப் போகிறவர்களுக்கு நேரம் போதாமல் போகும்.

கைத்தொலைபேசியை இரட்டைப் பொலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டிக் கழுத்தில் மாட்டுங்கள். விசிலும் சிறு டோர்ச் லைட்டும் அங்கியோடு கட்டப்பட்டிருக்கட்டும். காற்றில் மனிதக் குரல் போகாத தூரத்துக்கு விசில் போகும்.

4. நீரில் இருக்கும்போது

குளத்தில்: மழை வலுத்து நீர்மட்டம் ஏறும்போது வான்கதவுகள் திறக்கப்படும். அப்போது வான் பக்கமும் துருசுப் பக்கமும் நீர் இழுக்கத் தொடங்கும். மேலிருந்து பார்த்தால் நீர் அமைதியாகத்தான் தெரியும். நீர்ப்பாசன அலுவலர் எப்போது கதவு திறப்பார் என்று முன்கூட்டியே கேட்டு அறிந்து, அந்தப் பக்கம் வலை போடாதீர்கள். நீரின் வலிமையைக் கந்தளாய் மக்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலை குளக்கட்டு உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை ஊரில் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

நீர்மட்டம் ஏறும்போது, முன்பு தெரிந்த பட்ட மரங்களும் அடிக்கட்டைகளும் நீருக்குள் மறையும். தோணி அவற்றில் ஏறினால் ஒரு பக்கம் சாயும். புதிதாக வந்தவர், அந்தக் குளத்தை நன்கு அறிந்த ஒருவரோடு முதல் மாரியில் போவது நல்லது. அலைகரையில் முதலை இருக்கும் இடங்களையும் அவரிடமே கேட்டு அறியுங்கள்.

களப்பிலும் குடாவிலும்: மழைக்குப் பின் ஆற்று நீர் கடலை நோக்கி வேகமாக ஓடும். மகாவலி வந்து சேரும் கொட்டியாரக் குடாவிலும், பேராறு வந்து சேரும் தம்பலகாமக் குடாவிலும் இதைக் காணலாம். ஆற்று நீர் ஒரு பக்கமும் காற்று எதிர்ப் பக்கமும் தள்ளும் இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். அந்த இடத்தைச் சுற்றிப் போங்கள். வெள்ளத்தில் மிதந்து வரும் மரக்கட்டைகளையும் கவனியுங்கள்.

எல்லா இடத்திலும்: நின்றுகொண்டு வலை இழுக்காதீர்கள், முழங்காலிட்டோ உட்கார்ந்தோ இழுங்கள். இருவரும் ஒரே பக்கம் சாய வேண்டாம். அலையைப் பக்கவாட்டில் வாங்காமல் படகின் முனையை அலைக்குச் சற்றுச் சரிவாகத் திருப்புங்கள். எஞ்சின் நின்றுவிட்டால் முதல் வேலை நங்கூரம் போடுவது. அது முனையை அலைக்கு நேரே பிடித்து வைக்கும், காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு போகாமலும் தடுக்கும். பழுது பார்ப்பது அதற்குப் பிறகு. எஞ்சின் உள்ள படகிலும் துடுப்பு இரண்டு கட்டாயம் இருக்கட்டும். வலையில் கால் சிக்கினால் அறுக்க, எட்டும் இடத்தில் கத்தி ஒன்றும் வேண்டும்.

5. படகு கவிழ்ந்தால்

படகை விட்டுப் போகாதீர்கள். இந்த ஒரு வரியைப் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள்.

கவிழ்ந்த மரத்தோணி மிதக்கும். மிதப்பு அறையோடு செய்யப்பட்ட பைபர் படகும் மிதக்கும். ஆளைவிடப் படகு பெரிது, தேடி வருபவரின் கண்ணுக்கு அதுவே முதலில் தெரியும். கரை பக்கத்தில் இருப்பதாக நினைத்து நீந்தத் தொடங்குகிறவர், அலையில் பார்க்கும்போது தூரம் குறைவாகத் தெரிவதை மறந்துவிடுகிறார். உடுப்பு நனைந்து, காற்று எதிர்த்து, பாதி வழியில் கை ஓய்ந்துவிடும்.

படகைப் பிடித்ததும் செய்ய வேண்டியவை, வரிசையாக:

முதலாவது, ஒரு நிமிடம் மூச்சைச் சீராக்குங்கள். திடுக்கிட்டு மூச்சு வாங்கும்போது நீர் உள்ளே போகும்.

இரண்டாவது, ஆட்களை எண்ணுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். படகின் அடியில் யாரும் அகப்பட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது, வலையிலிருந்து விலகுங்கள். தேவையானால் அறுத்து விடுங்கள்.

நான்காவது, முடிந்தளவு உடலை நீருக்கு வெளியே எடுங்கள். கவிழ்ந்த படகின் மேல் ஒருவர் பின் ஒருவராக, இரண்டு பக்கமிருந்தும் ஏறுங்கள். பிள்ளைகள் முதலில்.

ஐந்தாவது, ஏற முடியாவிட்டால் எல்லோரும் நெருங்கி அணைத்துக்கொண்டு, பிள்ளைகளை நடுவில் வைத்து மிதவுங்கள். தனியாக இருந்தால் அங்கியோடு முழங்கால்களை நெஞ்சுக்கு மடக்கி, கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள்.

ஆறாவது, விசில் ஊதுங்கள். சற்று இடைவெளி விட்டு மறுபடி ஊதுங்கள்.

6. குளிர் செய்யும் வேலை

“நம் நாட்டில் நீரில் குளிர் ஏது?” என்று கேட்கலாம். நோர்வேயிலோ கனடாவிலோ வாழும் உங்கள் உறவினரிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே குளிர்கால ஏரியில் விழுந்தவருக்கு முதல் நிமிடம் மூச்சுத் திணறும். ஏறக்குறைய பத்து நிமிடத்தில் கைகால் வேலை செய்யாது. ஒரு மணித்தியாலமளவில் நினைவு தப்பும்.

இங்கே அதே வேலை மெதுவாக நடக்கிறது. நம் உடலின் வெப்பம் 37 பாகை. மாரிக்காலத்தில் நீர் அதைவிட ஏறக்குறைய பத்துப் பாகை குறைவு. நீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் வெப்பத்தை இழுக்கும். மழையும் வாடைக்காற்றும் சேர்ந்தால், நனைந்த உடலோடு படகில் இருப்பவருக்கே நடுக்கம் வரும். இரவு முழுவதும் நீரில் கிடந்தவரின் உயிருக்கு அது ஆபத்தாகலாம். சிறுவர்கள், மெலிந்தவர்கள், பட்டினியோடு போனவர்கள் முதலில் பாதிக்கப்படுவார்கள்.

முதல் அடையாளம் நடுக்கம். அடுத்தது விரல் மரத்து, முடிச்சை அவிழ்க்க முடியாமல் போவது. பிறகு பேச்சுக் குழறும், எரிச்சலும் குழப்பமும் வரும். குழம்பியவருக்குத் தான் குழம்பியிருப்பது தெரியாது, கூட இருப்பவர்தான் கவனிக்க வேண்டும். நடுக்கம் தானாக நின்று, ஆள் சோர்ந்து தூங்கப் பார்த்தால் நிலைமை மிக மோசம் என்று பொருள்.

அதனால் மாரிக்காலத்தில் வெறும் வயிற்றோடு போகாதீர்கள். காய்ந்த சேட் ஒன்றையும் துவாய் ஒன்றையும் பொலித்தீன் பையில் கட்டி எடுத்துச் செல்லுங்கள். குளிருக்கென்று சாராயம் குடிப்பது பெரிய பிழை. தோல் சூடாவது போலத் தெரியும், ஆனால் உடலின் உள்வெப்பம் இன்னும் வேகமாக வெளியேறும். சமநிலையும் நிதானமும் தவறும்.

7. கரைக்குக் கொண்டுவந்த பின்

மூச்சு இல்லாதவருக்கு: 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை ஒருவர் அழைக்கட்டும், இன்னொருவர் உடனே மூச்சுக் கொடுக்கத் தொடங்கட்டும். வாயை வாயால் மூடி, மூக்கைப் பொத்தி, நெஞ்சு எழும்படி ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவில் 30 முறை அழுத்தம், 2 முறை மூச்சு என்று அம்புலன்ஸ் வரும்வரை தொடருங்கள். வயிற்றை அழுத்தி நீரை எடுக்க வேண்டாம். தலைகீழாகத் தூக்கவோ சுற்றவோ வேண்டாம். அவற்றால் வயிற்றிலுள்ளது சுவாசப் பையில் இறங்கும், மூச்சுக் கொடுக்க வேண்டிய நேரமும் வீணாகும்.

குளிரில் நடுங்குபவருக்கு: காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடுப்பைக் களைந்து, துடைத்து, சாரம், போர்வை, சாக்கு எது கிடைக்கிறதோ அதால் தலையையும் சேர்த்துப் போர்த்துங்கள். நல்ல நினைவோடு இருந்தால் சீனி போட்ட சூடான தேநீர் கொடுக்கலாம். நினைவு மங்கியவருக்கு வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம். கைகாலைத் தேய்க்க வேண்டாம், நெருப்புக்கு மிக அருகில் வைக்கவும் வேண்டாம்.

நீரை உள்ளே இழுத்தவர் எழுந்து நடந்தாலும், “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொன்னாலும், வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். மூச்சுத் திணறல் சில மணித்தியாலம் கழித்தும் வரலாம்.

8. கடனும் காற்றும்

இவ்வளவும் தெரிந்தவரும் கூடாத நாளில் படகைத் தள்ளுகிறார். ஏன்? ஒரு வீட்டில் நடக்கக்கூடிய பேச்சை எண்ணிப் பாருங்கள்.

“அப்பா, வலை ரெண்டு நாளா தண்ணிக்குள்ள கிடக்கு. இண்டைக்கும் எடுக்காட்டி மீனெல்லாம் அழுகிப் போயிரும்.”

“கிடக்கட்டும் தம்பி. காத்து அடங்கட்டும்.”

“கடன்காரன் வெள்ளிக்கிழமை வருவான். என்னத்தச் சொல்றது?”

“வெள்ளிக்கிழமை அவன் வரேக்க நாம வீட்டில இருக்க வேணும். அதுதான் முதல்ல.”

மகன் சொல்வதில் பிழை இல்லை. படகைத் தள்ள வைப்பது பெரும்பாலும் துணிவு அல்ல, தவணைப் பணம். மீளக் குடியமர்ந்த குடும்பத்துக்கு ஒரு வலை போவதே பெரிய அடி. ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். வலை போனால் கடன் கூடும். உழைப்பவர் போனால், அதே கடனை அடைக்க வீட்டில் யாருமில்லை. ஆகவே மாரி தொடங்குமுன்பே, நல்ல மாதங்களில், இதற்கு ஆயத்தம் செய்யுங்கள்.

நல்ல மாதங்களில் கொஞ்சம் கருவாடு போட்டு வையுங்கள். சங்கத்தின் மூலம் சிறு சேமிப்பு ஒன்றைத் தொடங்கி, காற்று நாட்களுக்கென்று ஒதுக்குங்கள். கடன் எடுக்கும்போதே, மார்கழி, தை மாதத் தவணையைக் குறைத்துப் போடும்படி பேசிப் பாருங்கள். மாரியில் வலையை மாலையில் போட்டுக் காலையில் எடுக்கத் தயங்கும் அளவு வானம் இருந்தால், அன்று மாலை வலையைப் போடாமல் விடுங்கள். நீரில் கிடக்கும் வலைதான் மறுநாள் ஆளை இழுக்கிறது.

படகுப் பதிவும் தொழில் அனுமதிப் பத்திரமும் சரியாக உள்ளனவா என்று கடற்றொழில் பரிசோதகரிடமோ, குளத்தில் தொழில் செய்வோர் அதற்குப் பொறுப்பான அலுவலரிடமோ கேட்டு உறுதி செய்யுங்கள். பத்திரங்கள் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் முதலில் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். நட்டஈடோ காப்புறுதியோ கேட்கும் நாளில் பத்திரம் இல்லாதவர் வெறுங்கையோடு நிற்க நேரும்.

9. ஊராகச் செய்யக்கூடியவை

ஒரு துறையில் ஒரு கரும்பலகை போதும். போகும் படகும் திரும்பும் நேரமும் அதில் எழுதப்படட்டும். திரும்பியவர் தன் வரியை அழிக்கட்டும். இருட்டும்போது அழியாத வரி இருந்தால் எல்லோரும் அறிவார்கள். காற்று நாளில் இரண்டு படகாகவே போவது என்று சங்கம் தீர்மானிக்கலாம். ஆடி, ஆவணியில் நீர் குறைந்து அமைதியாக இருக்கும்போது, பெண் பிள்ளைகளையும் சேர்த்து எல்லாப் பிள்ளைகளுக்கும் மிதக்கவும் நீந்தவும் பழக்குங்கள். பெரியவர்களும் அங்கியோடு ஒருமுறை நீரில் இறங்கிப் பார்க்கட்டும்.

படகைத் தள்ளுமுன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

• இன்றைய அறிவித்தலைக் கேட்டேனா? நடுக்குளத்தைப் பார்த்தேனா?
• விளிம்பு நீருக்கு மேல் ஒரு சாண் நிற்கிறதா?
• அங்கி உடலில் உள்ளதா? விசில் கட்டியுள்ளதா?
• வாளி, துடுப்பு, நங்கூரம், கத்தி, காய்ந்த உடுப்பு உள்ளனவா?
• எங்கே, யாரோடு, எப்போது திரும்புவேன் என்று வீட்டுக்குச் சொன்னேனா?

ஒன்றுக்காவது “இல்லை” என்று பதில் வந்தால் அதைச் சரிசெய்த பிறகே படகைத் தள்ளுங்கள்.

குழுவாகப் பேச

1. உங்கள் துறையில் சென்ற மாரியில் யாரேனும் அருந்தப்பில் தப்பியிருக்கிறார்களா? அன்று கரையில் எடுத்த எந்த முடிவை மாற்றியிருக்கலாம்?
2. உங்கள் குளத்திலோ களப்பிலோ மழைக்குப் பின் ஆபத்தாகும் மூன்று இடங்கள் எவை? அவற்றை நிலத்தில் வரைந்து இளையவர்களுக்குக் காட்டுங்கள்.
3. சொன்ன நேரத்தில் ஒருவர் திரும்பாவிட்டால் முதலில் யார், யாரை அழைப்பார்? இன்றே தீர்மானித்து, இலக்கங்களைச் சுவரில் எழுதுங்கள்: அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117, பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.